கட்டுச்சோறு இல்லாமல் காஸ்வே ஏறாதீர்கள்

வீட்டில் ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் இல்லாமல் ஜொகூர் பாரு பயணத்துக்கு நாள் குறிக்காதீர்கள். ஹோட்டல் பதிவு, வண்டிக்குப் பெட்ரோல், பிள்ளைகளின் நீச்சல் உடை எல்லாம் அதற்கு அப்புறம்தான். இதைச் சொன்னால் எங்கள் குடும்பத்தில் இன்னும் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்களில் முதல் ஆள் என் கொழுந்தனார். அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை நடந்ததை நானே எழுதி வைத்துவிடுவது என்று உட்கார்ந்தேன். அவர் சொல்லும் கதையில் 'கொஞ்சம் ஜாம், அம்மாவுக்கு லேசா மயக்கம்' என்பதோடு எல்லாம் முடிந்துவிடும்.

சிங்கப்பூரில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு ஜேபி என்கிற ஜொகூர் பாரு வெளிநாடு மாதிரியே தோன்றாது. உட்லண்ட்ஸிலிருந்து அக்கரைக்குக் காஸ்வே பாலம் சுமார் ஒரு கிலோமீட்டர்தான். 1924இல் திறந்தது. நம் ஒரு டாலருக்கு அங்கே மூன்று ரிங்கிட்டுக்கு மேல் வருகிறது. முடி வெட்டிக்கொள்ள, வண்டி கழுவ, பல் சுத்தம் செய்ய, மளிகை வாங்க, வாழையிலையில் உட்கார்ந்து சாப்பிட என்று ஆளுக்கொரு சாக்கு. இக்கரையில் மாடி வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாலே அக்கரை விளக்கு தெரிகிற ஆட்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு கிலோமீட்டரை நம்பித்தான் ஏமாறுகிறோம்.

ஜூன் பள்ளி விடுமுறை தொடங்குகிற வெள்ளிக்கிழமை. ஊரிலிருந்து அத்தை வந்திருந்தார்கள். எழுபதைத் தாண்டியவர், சர்க்கரைக்கு இரண்டு வேளை மாத்திரை. கொழுந்தனாரின் ஏழு பேர் வண்டியில் அத்தை, நாங்கள் இருவர், அவர்கள் இருவர், பிள்ளைகள் இரண்டு. சாயங்காலம் ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழரைக்கு இலை போட்டு உட்காரலாம் என்பது அவர் கணக்கு.

நான் வியாழக்கிழமை இரவே புளிக்காய்ச்சல் கிண்டி வைத்துவிட்டேன். வெள்ளி மதியம் சாதம் வடித்துக் கலந்து, தயிர்சாதம் ஒரு தூக்கு, அத்தைக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, ஒரு பாட்டில் மோர் எல்லாம் நீலப் பையில் கட்டி வாசலில் வைத்திருந்தேன். கொழுந்தனார் வந்து பையைத் தூக்கிப் பார்த்தார். "அண்ணி, ஜேபிக்குப் போறதே சாப்பிடத்தான். அங்க போய் புளிசோத்தப் பிரிச்சா ஊரே சிரிக்கும். வண்டியெல்லாம் பெருங்காய வாசனை அடிக்கும்" என்றார். ஓரகத்தி அவரை விட ஒரு படி மேலே போய், "லீவுலகூட சமையலறையைத் தூக்கிட்டு வரணுமாக்கா?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. தம்பி முன்னால் இவர் வாய் எப்போதும் திறக்காது. பை சாப்பாட்டு மேசைக்கே திரும்பிப் போனது.

நான் அப்போது சண்டை போடவில்லை என்பதை வைத்து 'நீங்களும்தானே ஒத்துக்கிட்டீங்க' என்று இப்போது ஒரு வாதம் கிளம்பியிருக்கிறது. வாசலில் செருப்புப் போட்டு நிற்கிற பெரியவரை வைத்துக்கொண்டு யார் சண்டை போடுவார்கள்?

உட்லண்ட்ஸை நெருங்கும்போதே எக்ஸ்பிரஸ்வேயில் பின்விளக்குகள் சிவப்பாக நின்றுவிட்டன. மத்தியானமே கேமராவில் பார்த்தேன், ரோடு காலியாக இருந்தது என்றார் கொழுந்தனார். மத்தியானம் காலியாகத்தான் இருக்கும். எல்லோரும் ஆபீசில் இருந்தார்கள். அப்புறம் இன்னொன்று சொன்னார்: ஜொகூரில் வெள்ளி, சனிதான் விடுமுறை, அதனால் அவர்கள் கூட்டம் இன்றைக்கு நம்மோடு சேராது என்று. அது 2014இலிருந்து 2024 வரைக்கும் நடப்பில் இருந்த ஏற்பாடு. 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஜொகூரிலும் சனி, ஞாயிறுதான் வார விடுமுறை. பழைய நண்பர் எப்போதோ சொன்ன யோசனையைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து குடும்பத்தையே அதன் மேல் ஏற்றிவிட்டார்.

சிங்கப்பூர்ப் பக்கச் சோதனை சுலபமாக முடிந்தது. அதற்கு முன்னால் நின்ற நேரமும் அதற்குப் பின்னால் பாலத்தில் நின்ற நேரமும்தான் கொன்றது. பாலத்தில் நிற்கும்போது ஒரு விஷயம் புரியும்: இறங்க வழியில்லை, திரும்ப வழியில்லை, கடை இல்லை, கழிப்பறை இல்லை. ஒரு பக்கம் தண்ணீர்க் குழாய்கள், மறுபக்கம் மோட்டார் சைக்கிள்கள் ஆற்று வெள்ளம் போல் போய்க்கொண்டிருந்தன. பேருந்தை நம்பாமல் இறங்கி நடந்தவர்கள் எங்கள் கண்ணாடி பக்கமாகவே கடந்து போனார்கள். ஒரு அம்மா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையில் ரொட்டியைக் கடித்தபடி நடந்தார். என் மகன் அந்த ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டரை மணி வாக்கில் அத்தை பேச்சை நிறுத்தினார்கள். அத்தை பேச்சை நிறுத்துகிற ஆள் இல்லை. ஏழரைக்குச் சாப்பாடு என்று கொழுந்தனார் சொன்னதை நம்பி, சாப்பாட்டுக்கு முன் போடுகிற மாத்திரையை ஏழு மணிக்கே போட்டிருக்கிறார்கள். யாரிடமும் சொல்லவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது மேலுதட்டிலும் நெற்றியிலும் வியர்வை. ஏசி முழு வேகத்தில் ஓடுகிறது. கையைப் பிடித்தேன், சில்லென்றிருந்தது, விரல்கள் நடுங்கின. "என்ன அத்தை பண்ணுது?" என்றால், "ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் படபடங்குது" என்றவர் அடுத்த நிமிடம் என் பெயருக்குப் பதில் நாத்தனார் பெயரைச் சொன்னார்.

சர்க்கரை இறங்குகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் அப்பாவுக்கு இதே மாதிரி வந்து பார்த்திருக்கிறேன். இனிப்பாக ஏதாவது உடனே உள்ளே போக வேண்டும். வண்டி முழுக்கத் தேடினோம். ஓரகத்தியின் கைப்பையில் சர்க்கரை இல்லாத சூயிங்கம் போன்ற வாசனை மிட்டாய். முன் டப்பாவில் பார்க்கிங் ரசீதுகள். டிக்கியில் ஏழு பேர் துணி, காற்றடைத்த வாத்து ஒன்று. அந்த வாத்தைக் கொண்டுவர இடம் இருந்திருக்கிறது. கடைசியில் என் மகனின் பள்ளிப்பையை, அவன் கழற்றி வைக்காமல் அப்படியே ஏறியிருந்ததால், கவிழ்த்துக் கொட்டினேன். அடியில் மூலை நசுங்கிய ஒரு மைலோ பாக்கெட். உறிஞ்சுகுழலைக் காணோம். பல்லால் கடித்து மூலையைக் கிழித்து அத்தை வாயில் வைத்தேன். பாதி சேலையில் சிந்தியது. கால் மணி நேரத்தில் அத்தை, "என் சேலைய ஏம்மா இப்பிடிப் பண்ணே?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் மைலோ போதாது. ஏறிய சர்க்கரை திரும்ப இறங்கும். அதற்குத்தான் பின்னாலேயே சோறோ இட்லியோ போக வேண்டும். இட்லி எங்கே? எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மூடி போட்ட டப்பாவில், மின்விசிறிக்கு அடியில். ஜேபியில் தங்குமிடத்துக்கு அருகே முதலில் கண்ணில் பட்ட மாமாக் கடையில் அத்தைக்கு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுக்கும்போது பதினொரு மணி ஆகிவிட்டது. கொழுந்தனார் பேச்சே இல்லாமல் சாப்பிட்டார். மறுநாள் காலை பேச்சு திரும்பிவிட்டது.

இந்த இடத்தில் ஓரகத்திக்கு ஒரு பதில். 'சுகர் இருக்கிறவங்களுக்குப் புளிசோறு கொடுக்கலாமா' என்று குடும்ப குரூப்பில் கேட்டிருந்தாள். தினமும் தட்டு நிறைய கொடுக்கக் கூடாதுதான். மாத்திரை போட்டுவிட்டு பட்டினியாக உட்கார்ந்திருப்பவருக்கு அதுதான் மருந்து. சர்க்கரை எழுபதுக்குக் கீழே இறங்கினால் முதலில் மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது அரை டம்ளர் பழச்சாறு, கால் மணி கழித்துத் திரும்பப் பார்ப்பது, ஏறாவிட்டால் இன்னொரு முறை, ஏறியதும் சாப்பாடு. டாக்டர்கள் சொல்கிற முறை இதுதான். சோதிக்கும் கருவி கையில் இல்லாவிட்டால் காத்திருக்கக் கூடாது, கொடுத்துவிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இப்போது என் கைப்பையில் குளுக்கோஸ் வில்லை எப்போதும் இருக்கிறது. அத்தையின் சோதனைக் கருவி பெட்டியில் இல்லை, அவர் மடியில்.

சரி, கட்டுச்சோறு விஷயத்துக்கு வருகிறேன். எதை வேண்டுமானாலும் கட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். சாம்பார்சாதம் வேண்டாம், பருப்பும் காயும் சிங்கப்பூர் வெக்கைக்குச் சாயங்காலத்திலேயே நுரைத்துவிடும். தேங்காய்ச்சாதம் அதைவிட மோசம். தேங்காய்ச் சட்னியை வீட்டு வாசலைத் தாண்டவே விடாதீர்கள்.

புளிக்காய்ச்சலுக்கு இரண்டு எலுமிச்சை அளவு பழைய புளி. தேக்காவில் விதை எடுத்த புளி என்று கட்டியாகக் கிடைக்கும், கறுத்ததாகப் பார்த்து வாங்குங்கள், புதுப்புளி நிறம் கொடுக்காது. வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் கூடினால் அடுப்பில் நிற்கும் நேரம் கூடும், அவ்வளவுதான். நல்லெண்ணெயை நான் அளந்து ஊற்றுவதில்லை, கை கூசாமல் ஊற்றுவேன். கெட்டுப்போகாமல் காப்பது எண்ணெயும் உப்பும் புளியும்தான். கடுகு, கடலைப்பருப்பு, கிள்ளிய மிளகாய், வேர்க்கடலை, கறிவேப்பிலை, கட்டிப் பெருங்காயம் பொரித்தது, மஞ்சள். பிறகு புளிக்கரைசல், உப்பு. சிறு தீயில் கொதித்துக் கொதித்து ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, கரண்டியில் எடுத்தால் தேன் மாதிரி வழியும் வரை விடக் கூடாது. வெந்தயம், மல்லி, மிளகாய், கொஞ்சம் எள் வறுத்துப் பொடித்ததை இறக்கும் நேரத்தில் தூவி, கடைசியில் சுண்டைக்காய் அளவு வெல்லம். வெந்தயத்தை மட்டும் தனியாக வறுங்கள். கருகினால் மொத்தப் பாட்டிலும் கசக்கும், யாராலும் காப்பாற்ற முடியாது.

சாதத்தை உதிரியாக வடித்துத் தாம்பாளத்தில் கொட்டி, சூட்டோடு சூடாகப் பச்சைக் கறிவேப்பிலையையும் நல்லெண்ணெயையும் போட்டு ஆறவிட வேண்டும். முழுக்க ஆறிய பிறகுதான் காய்ச்சலைக் கலப்பது. கையை உள்ளே விட்டால் நடுவில்கூடச் சூடு தெரியக் கூடாது. வெதுவெதுப்பாக டப்பாவில் அடைத்தால் மூடியில் வியர்த்து அந்தத் தண்ணீர் சோற்றில் சொட்டும். பலபேர் வீட்டுப் புளிசோறு ஊசிப்போவதற்கு அந்தச் சொட்டுதான் காரணம். பழியைப் புளி மேல் போடுவார்கள்.

தயிர்சாதத்துக்குக் குழைய வடித்த சோற்றைப் பாலில் மசித்து, தயிர் இரண்டு கரண்டி மட்டும். வழியில் தானாகத் தோயும், திறக்கும்போது புளிப்பு சரியாக இருக்கும். வெங்காயம் போடாதீர்கள். இட்லியைத் தனித்தனியாகப் பிய்க்காமல் முழுசாக, எண்ணெயில் குழைத்த பொடியை இரு பக்கமும் தடவி, வாழையிலை கிடைத்தால் அதில் சுற்றி வையுங்கள்.

சமைத்த சைவச் சோற்றை இரண்டு பக்கமும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆனால் சொந்த வண்டியில் மட்டும்தான் பிரிக்கலாம். சிங்கப்பூர்ப் பேருந்திலும் ரயிலிலும் சாப்பிடக் கூடாது, அபராதம். பேருந்தில் போகிறவர்கள் ஏறுவதற்கு முன் சாப்பிட்டுவிடுங்கள்.

எப்போது போவது என்பதற்கு என்னிடம் நீண்ட பாடம் இல்லை. மார்ச், ஜூன், செப்டம்பர், வருடக் கடைசி என்று பள்ளி விடுமுறை தொடங்குகிற வெள்ளி மாலையும் அதற்கடுத்த சனி காலையும் போகவே போகாதீர்கள். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், புனித வெள்ளி சேர்ந்த நீண்ட வார இறுதியும் அப்படியே. மற்ற சனிக்கிழமைகளில் விடியும் முன்பே பாலத்தைத் தாண்டிவிட வேண்டும். பிள்ளைகளை இரவு உடையோடு தூக்கி வண்டியில் போடுவதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. நிலப் போக்குவரத்து ஆணையம் இரண்டு சாவடிகளின் கேமராக் காட்சியையும் இணையத்தில் காட்டுகிறது. அதைக் கிளம்புகிற நிமிடத்தில் பாருங்கள், மதியம் பார்த்ததை வைத்து மாலைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். ஜூரோங், புக்கிட் பாத்தோக் பக்கம் இருப்பவர்களுக்குத் துவாஸ் வழி இருக்கிறது. 1998இல் திறந்த இரண்டாவது பாலம். ஈசூனிலிருந்து அங்கே சுற்றிப் போகச் சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள்.

என்னைக் கேட்டால் வயதானவர்களோடு போக ரயில்தான். உட்லண்ட்ஸிலிருந்து ஜேபி சென்ட்ரலுக்கு ஷட்டில் தெப்ராவ், ஐந்து நிமிடம். போகும்போது 5 சிங்கப்பூர் வெள்ளி, திரும்பும்போது 5 ரிங்கிட். போகிற வழியில் இரண்டு நாட்டுச் சோதனையும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடும். விடுமுறை நாள் டிக்கெட் விற்பனை திறந்ததுமே போய்விடும் என்பதுதான் தொல்லை. நான் முன்பே எடுக்கலாம் என்றேன். 'ஏழு பேர், வண்டி இருக்கே' என்று பதில் வந்தது. பேருந்தில் போனால் 170, 950, காஸ்வே லிங்க் என்று வசதிக்குத் தகுந்தபடி. சோதனைக்கு இறங்கி, முடித்து, அதே டிக்கெட்டில் அதே கம்பெனியின் அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம். பேருந்துக்கு வரிசை வேறு, பெரும்பாலும் காரைவிட வேகம். புதிய ஆர்டிஎஸ் ரயில் ஓட ஆரம்பித்தால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு வேலை இல்லாமல் போகலாம். போகட்டும், சந்தோஷம்.

காகிதங்களில் எங்களுக்குச் சிக்கல் வரவில்லை. அதை நான் பார்த்துக்கொண்டேன் என்பதால். பாஸ்போர்ட்டில் ஆறு மாத ஆயுள் இருக்க வேண்டும். இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து மலேசியா முப்பது நாள்வரை விசா கேட்பதில்லை. ஆனால் மலேசியாவின் மின்னியல் வருகை அட்டையைக் கிளம்புவதற்கு மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விலக்கு, என் மாதிரி நிரந்தரவாசிகளுக்கு இல்லை. அது இலவசம். பணம் கேட்கிற பக்கம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும்: அவர்களின் சிங்கப்பூர் விசா ஒரே முறை நுழைவதற்கா, பல முறைக்கா என்று பாருங்கள். ஒரே முறை என்றால் ஜேபிக்குப் போனவர் திரும்பி உங்கள் வீட்டுக்கு வர முடியாது. திரும்பி வரும்போது அவர்களுக்குச் சிங்கப்பூர் வருகை அட்டையும் மறுபடி நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்ச் சாவடியில் 2024 மார்ச்சிலிருந்து பாஸ்போர்ட்டுக்குப் பதில் கைப்பேசியில் கியூஆர் குறியீட்டைக் காட்டினால் போதும், வண்டியில் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்து ஒன்றே போடலாம். மலேசியப் பக்கத்துக்குப் பாஸ்போர்ட் வேண்டும், வீட்டில் விட்டுவிடாதீர்கள்.

வண்டிக்கு முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும், குறைந்தால் 500 வெள்ளி வரை அபராதம். ஜூலை 2025 முதல் வெளிநாட்டு வாகன நுழைவு அனுமதி இல்லாத வண்டிக்கு மலேசியாவில் 300 ரிங்கிட் அபராதம். டச் அண்ட் கோ அட்டையில் பணம். இதையெல்லாம் கொழுந்தனார் சரியாகத்தான் செய்திருந்தார். நியாயத்தைச் சொல்ல வேண்டும் அல்லவா. டேங்க் நிறைந்திருந்தது. வண்டிக்குச் சாப்பாடு போட்டார்.

தங்குவதற்குச் சமையலறை உள்ள அபார்ட்மென்ட் எடுங்கள். ஹோட்டல் அறை வேண்டாம். இதற்கும் எங்கள் வீட்டில் முகம் சுளித்தார்கள். ஒரு குக்கர், ஒரு வாணலி, ஒரு கத்தி என்னிடம் இருந்தன. அந்த ஊர்க் கத்திகள் வெண்ணெய்கூட வெட்டாது. சனிக்கிழமை காலை இவரோடு நடந்து போய்ச் சந்தையில் பச்சைத் தேங்காய் அரைத்துப் பிழிந்த பால் வாங்கினேன். கண்ணெதிரே திருகி, பிழிந்து, பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கிறார்கள், பை இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. அட்டைப்பெட்டித் தேங்காய்ப்பாலில் பழகிய நாக்குக்கு அது வேறு பொருள். சொதி வைத்தேன், இடியாப்பம் கடையில் வாங்கிக்கொண்டோம். அத்தை எட்டு மணிக்கு மாத்திரை, எட்டேகாலுக்கு இடியாப்பம் என்று நேரத்துக்குச் சாப்பிட்டார்கள். ஓரகத்தியும்தான் சாப்பிட்டாள், நான்கு.

மற்றபடி ஊர் சுற்றுவதைப் பற்றி நான் என்ன சொல்ல. கண்ணாடிக் கோயில் என்று எல்லோரும் சொல்கிற இராஜகாளியம்மன் கோயிலுக்கு அத்தையை அழைத்துப் போனோம். சுவர், தூண், கூரை எல்லாம் சில்லுக் கண்ணாடி. அத்தை சாமியைப் பார்த்ததைவிடத் தூணில் தன் முகம் எத்தனை துண்டாகத் தெரிகிறது என்று பார்த்ததுதான் அதிகம். ஜாலான் தான் ஹியோக் நீ தெருப் பக்கம் விறகடுப்பில் சுடும் வாழைப்பழ கேக் கடையில் வரிசை நீளம். ஆனால் நிழலில் நிற்கலாம், நகரவும் செய்கிறது. பிள்ளைகள் வாத்தோடு நீச்சல் குளத்தில் கிடந்தார்கள். பேரங்காடிகள் இங்கே இருப்பவைதான், ஏசி கொஞ்சம் குறைச்சல்.

திரும்புவதற்கு ஞாயிறு மாலை வேண்டாம் என்பதில் இந்த முறை நான் விட்டுக்கொடுக்கவில்லை. காலை ஒன்பதுக்கே பெட்டியைக் கட்டிவிட்டேன். கட்டுச்சோற்றுக்கு எலுமிச்சைச் சாதம் கிளறி, பையை டிக்கியில் போடாமல் என் காலடியில் வைத்துக்கொண்டேன். கொழுந்தனார் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பாலத்தில் முக்கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. ஆனாலும் பிரித்துக் கொடுத்தேன். முதலில் கை நீட்டியது யார் என்று நான் எழுதப் போவதில்லை.

வாங்கி வருகிறவர்களுக்கு ஒரு சொல். முட்டை தலைக்கு முப்பது வரை, காய்கறி பழம் ஐந்து கிலோ வரை சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவரலாம். முருங்கைக்காய், வெண்டைக்காய், கீரை எல்லாம் இங்கே விற்கிற விலைக்கு அங்கே இரண்டு மடங்கு வாங்கலாம். சூயிங்கம் வேண்டாம், சிகரெட்டுக்கு வரிவிலக்கே கிடையாது. 48 மணி நேரத்துக்குள் திரும்புகிறவர்களுக்கு ஜிஎஸ்டி விலக்கு 100 வெள்ளி மதிப்புப் பொருளுக்குத்தான். இறைச்சியைத் தொடாதீர்கள். அனுமதி பெற்ற நாட்டிலிருந்து வரும் இறைச்சியைத்தான் சிங்கப்பூர் உள்ளே விடும். ஜேபி சந்தையில் வெட்டி வாங்கிய ஆட்டுக்கறி அந்தக் கணக்கில் வராது.

இதை நான் சனிக்கிழமை இரவே சொன்னேன். கொழுந்தனார் ஞாயிறு விடியற்காலையில் போய் இரண்டு கிலோ தொடைக்கறி வாங்கி, ஐஸ் போட்டு, டிக்கியில் வைத்துவிட்டு வந்து சொன்னார். கறி நல்ல கறிதான், இளம் ஆடு. அபார்ட்மென்ட் வாசல் காவலாளி அண்ணனிடம் பையோடு கொடுக்க வைத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஓரகத்தி அதற்குள் 'டின்னருக்கு மட்டன் சுக்கா' என்று குரூப்பில் படம் போட்டுவிட்டிருந்தாள். அன்று இரவு ஏழு பேருக்கும் எங்கள் வீட்டில் வெண்டைக்காய் மோர்க்குழம்பும் அப்பளமும். கொழுந்தனார் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்.